புடவையில் ஏன் சேறு தெறிக்கிறது?

மழை விட்ட மறுநாள், பளிச்சென்று புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகிறோம். இறங்கிப் பார்த்தால் கரையெல்லாம் சேற்றுப் பொட்டு! "பார்த்து ஓட்டக் கூடாதா?" என்று வீட்டுக்காரரைக் கடிந்துகொள்கிறோம். பாவம், அவர் என்ன செய்வார்? எல்லாம் சக்கரத்தின் வேலை!

சக்கரம் சேற்றை வெளியே தள்ளுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தள்ளுவதில்லை. பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடுகிறது. ஓடுகிற எந்தப் பொருளும் நேராகவே ஓடப் பார்க்கும். அதை வட்டமாகத் திருப்ப ஒரு பிடி வேண்டும். டயரில் ஒட்டிய சேற்றுக்கு அதன் பசைதான் பிடி. பசை போதாத கணத்தில் சேறு கழன்று, அப்போது போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் பறக்கிறது. சாணை பிடிப்பவரின் சக்கரத்திலிருந்து பொறி பறக்குமே, அதே மாதிரி. வாஷிங் மெஷின் துணி பிழிவதும் இப்படித்தான். துணியைத் தொட்டியின் சுவர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஓட்டை வழியே தப்பிவிடுகிறது.

சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கிச் சுழல்கிறது. அங்கே கழன்ற சேறு விர்ரென்று மேலே எழும்பும். மட்கார்டு இல்லாவிட்டால் முதுகெல்லாம் கோலம்தான்!

அரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடினால், சேற்றைப் பிடித்துவைக்க அதன் எடையைப்போல் சுமார் 28 மடங்கு பிடி தேவை. 15 கி.மீ. என்றால் 7 மடங்கு போதும். அதனால், தண்ணீர் தேங்கிய இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

சேறு பட்டுவிட்டதா? ஈரத்தோடு தேய்க்காதீர்கள், கறை இன்னும் உள்ளே இறங்கும். நன்றாகக் காயவிட்டு, உதிர்த்து, பிறகு துவையுங்கள்.

கறை போனால் போகட்டும்; முந்தானை விஷயம் அப்படியல்ல. சேற்றைப் பிடிக்க முடியாத அதே சக்கரம், கம்பியில் மாட்டிய துணியை மட்டும் விடவே விடாது. 30 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 5 தடவைக்கு மேல் சுற்றுகிறது. "ஐயோ, நிறுத்துங்க!" என்று சொல்வதற்குள் புடவை இறுகிவிடும். கழுத்தைச் சுற்றிய துப்பட்டா என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்காகத்தான் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின் சீட்டுள்ள மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பாதியாவது மறையும்படி தடுப்பு இருக்கவேண்டும் என்கின்றன. அழகைக் கெடுக்கிறது என்று அந்த 'சாரி கார்டை'க் கழற்ற விடாதீர்கள். ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவின் இரு முனைகளையும் முடிந்துகொள்ளுங்கள். குழந்தையின் கால் சக்கரத்தின் பக்கம் தொங்குகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், "ம்... போகலாம்!"