நிலவாகை இளைக்க வைக்குமா?

மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் நிலவாகைப் பொடி மலச்சிக்கலுக்குத்தான் விற்கிறது. இப்போதோ அதே இலை ‘ஸ்லிம் டீ’ பொட்டலத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. அரேபியா, சூடான் பாலைவனப் பக்கத்துச் செடி இது. நம் தெற்கத்திச் சீமையின் மானாவாரி நிலத்துக்கு அப்படியே ஒத்துப்போய்விட்டது. வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகிச் சாகும். விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி சம்சாரிகள் பலருக்கு இது அவுரி. தூத்துக்குடியில் கப்பலேறியபின் ‘திருநெல்வேலி சென்னா’ ஆகிவிடும்.

இதன் விசித்திரம் இலையில் இருக்கும் சென்னோசைடு என்ற பொருளில் இருக்கிறது. சுவிஸ் வேதியியலாளர் ஆர்தர் ஸ்டோல் 1941இல் பிரித்தெடுத்த இந்தப் பொருள், விழுங்கியதும் எதுவும் செய்வதில்லை. அதனோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையை நம் செரிமான நீர்களால் கழற்ற முடியாததால், இரைப்பையையும் சிறுகுடலையும் சும்மா கடந்து போகிறது. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோன் என்ற வேறொரு பொருளாக்குகின்றன. பெருங்குடலை அசைத்துத் தள்ளுவதும், அது நீரை உறிஞ்சவிடாமல் தடுப்பதும் அந்தப் பொருளே. ராத்திரி உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராவதைப் போல, இதற்கும் 6 முதல் 12 மணி நேரம் தேவை. படுக்கப் போகும்முன் சாப்பிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஸ்லிம் டீயின் வாக்குறுதி பொய்த்துப்போவதும் இங்கேதான். சோற்றின் மாவும் எண்ணெயும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. நிலவாகை வேலை தொடங்கும் இடம் அதற்கு அப்பால். ஆகவே வெளியேறுவது நீரும் மலமும்தான், கொழுப்பு அல்ல. “எடை குறைந்ததைத் தராசிலேயே பார்த்தோமே” என்பார்கள். தராசு காட்டியது போன தண்ணீரை. நாலு செம்பு குடித்தால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். “மூலிகைதானே, தினமும் குடித்தால் என்ன” என்பது இன்னொரு வாதம். ஆஸ்பத்திரியில் தரும் மலமிளக்கி மாத்திரையிலும் இதே சென்னோசைடுதான் இருக்கிறது. அதை மாதக்கணக்கில் தானாக விழுங்க அஞ்சுகிறவர்கள், இலையாக வந்தால் அஞ்சுவதில்லை! சித்த வைத்தியரும் நோயாளியின் உடல்வாகு பார்த்து, அளவு சொல்லி, பத்தியத்தோடுதான் பேதிக்குக் கொடுப்பார். அளவு மீறித் தொடர்ந்தால் பொட்டாசியம் குறைந்து தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு. நிறுத்தினால் அந்தக் கறுப்பு சில மாதங்களில் மறையும். பொட்டாசியம் குறைவது அவ்வளவு காலம் காத்திருக்காது.