முற்கொடுப்பனவு அட்டையும் இணையப் பந்தயமும்



காசு கொடுத்துக் கடையில் வாங்கும் முற்கொடுப்பனவு அட்டைகளில் குற்றமேதுமில்லை, அன்பளிப்பாகவும் வழங்கலாம். ஆயினும் கிரிக்கெட், உதைபந்தாட்டப் பந்தயக் கணக்குகளுக்குப் பணமிடவும் அவை பயன்படுகின்றன. 2000ஆம் ஆண்டு ஒஸ்திரியாவில் தோன்றிய பேசேஃப்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டிலுள்ள 16 இலக்கங்களை இட்டாலே பணம் சேர்ந்துவிடும். வங்கிக் கூற்றில் பந்தய நிறுவனத்தின் பெயர் வராது. மகனின் வங்கிக் கணக்கைப் பார்த்து நிம்மதியடையும் தந்தை எதைக் காண்பார்?

"அட்டையிலுள்ளது மட்டுந்தானே போகும், கடனில்லையே" என இளைஞர் சிலர் வாதிடுவர். கடன்பட்டுச் சூதாடுவோரின் நிலை கண்டு, 2020 ஏப்ரல் 14 முதல் பிரித்தானியா கடனட்டையால் சூதாடுவதைத் தடுத்தது உண்மையே. ஆனால் ஓர் அட்டை தீர்ந்தால் மற்றோர் அட்டை வாங்கக் கடை திறந்தேயிருக்கிறது. வென்ற பணத்தை எடுக்கும்போதோ பல தளங்கள் அடையாள ஆவணம் கேட்கின்றன. வயது குறைந்தவர் அங்கே வெறுங்கையோடு நிற்பார்.

மேலும், மார்க்கம் மைஸிரைத் தடுத்தது கடனுக்காக மட்டுமன்று. பகைமையை மூட்டுவதையும் தொழுகையை மறக்கச்செய்வதையும் ஸூரா அல்மாஇதாவின் 91ஆம் வசனம் காரணமாகக் கூறுகிறது. "வா, சூதாடுவோம்" எனத் தோழனை அழைத்தவர்கூடத் தர்மம் செய்யட்டும் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி. இன்று அவ்வழைப்பு கைத்தொலைபேசிக்கே வருகிறது.

பெற்றோரே, இலக்கம் சுரண்டப்பட்ட சீட்டுகள் பிள்ளையின் பையில் கிடந்தால், கோபிக்குமுன் எதை வாங்கினாயென வினவுங்கள்.