நான்கு காசும் ஆறு காசும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை நெய்யாற்றைக் கடக்குமிடத்தில் உள்ளது அமரவிளை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றது. அவ்வாண்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது. அமரவிளை, பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அஃதோர் ஆறுதல். ஆயினும் அவ்வசதியைக் கேட்டுப் பெறப் பெற்றோரும் ஆசிரியரும் கூட வேண்டும். கூடுவதற்குச் சங்கம் வேண்டும். சங்கத்துக்குப் பணம் வேண்டும். வெளியூரில் வாழும் நமது நிலையும் இதுவேயன்றோ?

சிறு சங்கத்தின் நிதி எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தேய்கிறது? எல்லைக்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம். காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு, முதலில் ஊராரின் கொடையாலேயே நடைபெற்றது. 1957-இல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்றனர். 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் ந. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பொதுமக்கள் கட்டடமும் தளவாடமும் மனமுவந்து வழங்கினர்.

இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. மாநாட்டு நன்கொடை ஒரு நாளில் வந்து, பெஞ்சாகவும் கரும்பலகையாகவும் நிலைத்து நின்றது. உணவுக்கான 4 காசோ பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் வேண்டியிருந்தது. முன்னது உற்சாகத்தால் வரும். பின்னது ஒழுங்கினால்தான் வரும்.

நமது தமிழ் வகுப்பின் கணக்கும் இதையே காட்டுகிறது. தொடங்கிய ஆண்டில் நன்கொடை குவிந்தது. நாற்காலி வாங்கினோம், அலமாரி வாங்கினோம், விழாவும் எடுத்தோம். மூன்றாம் ஆண்டில் சந்தா நிலுவை மிகுந்தது. ஆசிரியை அம்மையாருக்கு மூன்று மாத ஊதியம் பாக்கி நின்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்பையும் நிறுத்தவில்லை. கேட்காதவரின் பாக்கியைக் கடைசியில் வைத்தது நமது குற்றமே. அலமாரி பூட்டியிருந்தால் ஒன்றும் கெடாது; ஆசிரியர் வராவிடில் குழந்தைகளின் எழுத்து நின்றுவிடும்.

ஆகவே மூன்று முடிவுகள் செய்துள்ளோம். மாதச் சந்தாவில் முதற் செலவு ஆசிரியர் ஊதியமே. விழாவுக்குத் தனி வசூல். அது பொதுநிதியைத் தொடாது. ஆறு மாதத்துக்கொரு முறை, பொருளாளரல்லாத இரு பெற்றோர் தணிக்கை செய்த வரவு செலவு இவ்விதழில் வெளிவரும்.

பெருந்தொகை தருவோரை வணங்குகிறோம். ஆனால் சிறுதொகையைத் தவறாது தருவோரை நம்பியே வகுப்பைத் திறக்கிறோம். இம்மாதச் சந்தாவை அன்பர்கள் மறவாது செலுத்துக!