உங்களுக்குத் தெரியுமா? வெள்ளை கவுனும் ஏரிக் கொலையும்

'எ பிளேஸ் இன் தி சன்' (1951) படத்தில் எலிசபெத் டெய்லர் அணிந்து வந்த வெள்ளை கவுன் நினைவிருக்கிறதா? மார்பை ஒட்டிச் சின்னச் சின்னப் பூக்கள், இடுப்புக்குக் கீழே மேகம் போல விரியும் வலைத்துணி. எடித் ஹெட் வடிவமைத்த அந்த உடையைப் பார்த்து, அமெரிக்கத் தையல் நிறுவனங்கள் இளம்பெண்களுக்காக நகல்களைத் தைத்துக் குவித்தன. படம் வென்ற ஆறு ஆஸ்கர்களில் ஒன்று ஆடை வடிவமைப்புக்கே கிடைத்தது.

படத்தின் வேர் தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜெடி' (1925) நாவல். அதற்கும் வேர் ஒரு நிஜக் கொலை. நியூயார்க் மாநிலத்தில் பெரியப்பா முறை உறவினரின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த செஸ்டர் ஜில்லெட், உடன் வேலை செய்த கிரேஸ் பிரவுனைக் காதலித்தான். அவள் கர்ப்பமானாள். 1906 ஜூலையில் பிக் மூஸ் ஏரியில் அவள் உடல் கிடைத்தது. அவளைக் கொன்ற குற்றத்துக்காக 1908இல் அவன் மின்நாற்காலியில் மாண்டான்.

நாவலில் பாவாடைத் தொழிற்சாலை சட்டைக் காலர் தொழிற்சாலை ஆனது. படத்தில் நீச்சலுடைத் தொழிற்சாலை. நாயகன் ஏங்குவது, படத்தில் டெய்லர் நடித்த பணக்காரப் பெண்ணின் அழகுக்கா, அவள் வீட்டு வாசலுக்கா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி எழுதியதுதான் டிரைசரின் மேதைமை.

படத்தில் கிரேஸின் சாயலில் அமைந்த ஏழைத் தொழிலாளிப் பெண்ணாக நடிக்க, கவர்ச்சி நடிகை ஷெல்லி வின்டர்ஸ் தன் பொன்னிறக் கூந்தலுக்கு மங்கிய பழுப்புச் சாயம் பூசிக்கொண்டார். படம் பார்க்கும்போது அந்தப் பெண்ணையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிஜத்தில் மூழ்கிப்போன கிரேஸுக்கு வயது 20.