முடிச்சுக்கு உரியவர் எவர்? அனத்தோலியக் கிராமப் பெண்களும் கம்பள வணிகமும்

பள்ளிவாசல்களின் வரலாற்றில் கட்டுவித்த மன்னரின் பெயர் இருக்கும். சிற்பியின் பெயரும், கல்வெட்டை எழுதிய எழுத்தணிக் கலைஞரின் பெயரும் இடம்பெறுவதுண்டு. தொழுவோரின் நெற்றி படியும் கம்பளத்தை நெய்த பெண்ணின் பெயரோ பெரும்பாலும் இராது. துருக்கியின் கோன்யா நகரில் அலாவுத்தீன் பள்ளிவாசலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட செல்ஜூக்கியர் காலக் கம்பளங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவற்றை முடிந்த கைகள் எவருடையவை என்பதை அறிவோர் இலர்.

ஐரோப்பாவில் இந்த மறதி இன்னும் விந்தையான வடிவம் பெற்றது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அனத்தோலியாவிலிருந்து சென்ற கம்பளங்களை ஹோல்பைன், லொத்தோ ஆகிய ஓவியர்கள் தம் படங்களில் தீட்டினர். கலை வரலாற்றாசிரியர்கள் அக்கம்பள வகைகளுக்கே ‘ஹோல்பைன் கம்பளம்’, ‘லொத்தோ கம்பளம்’ எனப் பெயரிட்டனர். நெய்தவளை விடுத்து, வரைந்தவர் பெயரைப் பொருள் ஏற்றது.

பெயரை இழந்தவள் பின்னர் மேலும் பலவற்றை இழந்தாள். அவ்வாறு இழந்தவை எவை, அவற்றுள் எவை மீட்கப்பட்டன என்பதை ஆராய்ந்தால்தான் ‘நியாய வணிகம்’ என இன்று வழங்கும் சொல்லின் பொருள் தெளிவாகும்.

அனத்தோலியக் கிராமத்தில் கம்பளம் முதலில் சந்தைக்காக நெய்யப்படவில்லை. மணப்பெண்ணின் சீராகவும், வீட்டின் விரிப்பாகவும் அது பயன்பட்டது. இறந்தோரின் உடல்மீது போர்த்திய கம்பளத்தைப் பின்னர் பள்ளிவாசலுக்கு அளிக்கும் வழக்கமும் இருந்தது. தன் ஆட்டின் மயிரைத் தானே நூற்று, தான் அறிந்த செடிகளால் சாயமேற்றி, தாயிடம் கற்ற கோலங்களை வரைபடமின்றி நினைவிலிருந்தே அவள் நெய்தாள். பாவு நூல்கள் இரண்டைச் சுற்றி ஒவ்வொரு கம்பளி இழையையும் முடிந்து அறுப்பது துருக்கி முடிச்சு எனப்படும். பத்து சென்டிமீட்டருக்கு 30 முடிச்சுகள் வீதம் நெய்யப்படும் கம்பளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 90,000 முடிச்சுகள் தேவைப்படும். நாளொன்றுக்கு 3,000 முடிச்சுகள் எனக் கொண்டாலும் அது முழுமையாக ஒரு மாத உழைப்பாகும்.

முதலில் கைநழுவியது சாய அறிவு. 1856இல் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார்; 1868இல் கிரேபேயும் லீபர்மானும் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளை ஆய்வகத்தில் உருவாக்கினர்; 1897இல் செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது. அதுவரை அலிசரின் கிடைத்தது மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து. துருக்கியர் அதனைக் ‘கோக் போயா’ என்பர். ‘கோக்’ என்பது வேர், ‘போயா’ என்பது சாயம். சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பேற்றப் பயன்பட்ட செடியை நம் முன்னோர் ‘சாயவேர்’ என்றனர். செடிகள் வேறு, இரண்டின் வேரிலும் உறைந்த பொருள் ஒன்றே, இரு மொழிகளும் இட்ட பெயரின் பொருளும் ஒன்றே. இரு நாட்டு வேர்களையும் வீழ்த்தியதும் ஒரே ஆய்வகக் கண்டுபிடிப்புத்தான்.

செயற்கைச் சாயங்கள் அனைத்தும் மட்டமானவை எனக் கூறுவது பிழை. தொடக்ககால அனிலின் சாயங்களிற் பல வெயிலில் வெளுத்தன. பின்னர் வந்தவற்றுள் உறுதியானவை உண்டு. சாயம் வெளுத்ததைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறொன்று. எந்த வேரை எப்போது தோண்டுவது, படிகாரம் எவ்வளவு இடுவது என்னும் அறிவு கிராமத்தை விட்டு நீங்கிற்று. அவள் பொடியை விலைக்கு வாங்கும் நிலைக்கு வந்தாள்.

அடுத்து நூற்பும் கோலமும் அவள் கையை விட்டன. கம்பளி நூற்பாலைகள் தோன்றியதால் கைராட்டினத்தால் பிழைத்த குடும்பங்கள் வருவாய் இழந்தன. 1908இல் உஷாக் நகரில் திரண்ட கூட்டம் நூற்பாலைகளைத் தாக்கிற்று. அதில் பெண்கள் பெரும்பங்கு கொண்டனர். அதே ஆண்டளவில் இஸ்மிரின் ஏற்றுமதி நிறுவனங்கள் ‘ஓரியண்டல் கார்பெட் மானுஃபேக்சரர்ஸ்’ என்னும் பெருங்குழுமமாக ஒன்றுசேர்ந்தன. நூலும் வரைபடமும் வணிகர் தர, நெய்வது மட்டுமே பெண்ணின் வேலையாயிற்று.

இந்நிலையை மாற்ற முயன்றதே 1981இல் தொடங்கிய தோபாக் திட்டம். ‘இயற்கைச் சாய ஆய்வும் மேம்பாடும்’ என்பது அப்பெயரின் விரிவு. இஸ்தான்புல்லில் ஆசிரியராகப் பணியாற்றிய ஜெர்மானிய வேதியியலாளர் ஹரால்ட் போமர் பழங்கம்பளங்களின் சாயங்களைப் பகுத்தாய்ந்து, அவற்றுக்கு மூலமான செடிகளை இனங்கண்டார். மர்மரா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை துணைநின்றது. மேற்கு அனத்தோலியாவில் சனாக்கலே மாகாணத்து அய்வாஜிக் வட்டாரத்திலும், பின்னர் மனிசா மாகாணத்து யுந்த் மலைக் கிராமங்களிலும் கூட்டுறவுகள் அமைந்தன. யுந்த் மலைக் கூட்டுறவு பெண்களையே உறுப்பினராகக் கொண்டது. கோலத்தையும் நிறத்தையும் நெய்பவளே தேர்ந்தாள். கம்பளம் பல்கலைக்கழகத்தின் தரச் சான்றுடன் அமெரிக்கச் சந்தைக்கும் ஐரோப்பியச் சந்தைக்கும் சென்றது.

இங்கு ஃபிக்ஹு நூல்களின் ஒரு வேறுபாடு நமக்குத் துணைசெய்கிறது. இஜாரா என்பது கூலி ஒப்பந்தம். அதில் கூலி இன்னதென முன்பே அறியப்பட்டிருத்தல் வேண்டும். ஷிர்கத் என்பது கூட்டுவாணிபம். அதில் ஆதாயமும் இழப்பும் பங்காளிகளுக்கு உரியவை. கூலிக்கு நெய்பவளுக்கு நல்ல கூலி கொடுப்பது நீதியே. ஆயினும் கம்பளம் பன்மடங்கு விலைக்கு விற்கும்போது அவளுக்கு அதில் உரிமை இராது. கூட்டுறவின் உறுப்பினளோ ஆதாயத்திற் பங்குடையவள். விலையைக் கேட்கவும் கணக்கைப் பார்க்கவும் அவளுக்கு உரிமை உண்டு.

நியாய வணிகம் என்னும் பெயரில் வழங்கும் முத்திரைகளையும் இவ்வாறே பிரித்தறிதல் நலம். 1994இல் ‘ரக்மார்க்’ எனத் தோன்றி, 2009இல் ‘குட்வீவ்’ எனப் பெயர் மாறிய முத்திரை, கம்பளத் தொழிலில் குழந்தை உழைப்பை ஒழிப்பதை முதன்மை நோக்காகக் கொண்டது. அப்பணி மிகவும் வேண்டற்பாலது. எனினும் ஒரு தீமை இல்லை என்னும் உறுதிமொழி வேறு. நெய்தவளுக்குப் பங்கு உண்டு என்னும் உறுதிமொழி வேறு. முன்னதைக் கண்டு பின்னதும் நிறைவேறிற்று எனக் கருதலாகாது.

தோபாக்கின் பிந்திய வரலாறு இதனை விளக்கும். அதன் வெற்றியைக் கண்ட தனியார் உற்பத்தியாளர் பலர் இயற்கைச் சாயத்துக்குத் திரும்பினர். வேரின் சிவப்பு மீண்டும் சந்தைக்கு வந்தது. ஆனால் கூட்டுறவின் உறுப்பினர் ஏடு அதே விரைவில் பரவவில்லை. வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படுவது நிறம், பங்கு புலப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு விலை கொடுப்போர் பலர். தெரியாததற்குக் கொடுப்போர் சிலர்.

கூட்டுறவு எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிட்டது எனவும் நாம் சொல்லோம். தொலைநாட்டுச் செல்வரின் சுவையை நம்பிய தொழில், அச்சுவை மாறினால் தளரும். பள்ளிப் படிப்பும் நகர வேலையும் வாய்த்த மகள், தாயின் தறியில் அமர வேண்டும் என எவரும் கட்டாயப்படுத்தலாகாது. மரபைக் காப்பது நன்றே. அதன்பொருட்டு ஒரு பெண்ணை வறுமையில் நிறுத்துவது நன்றன்று. அவள் விரும்பி நெய்யுமளவுக்குப் பயன் கிடைப்பின் மரபு தானே நிற்கும்.

ஆதலின், கைநெசவுக் கம்பளம் வாங்கும் நம்மவர் விற்பவரிடம் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். இதனை நெய்தவர் யார், எவ்வூரினர்? கோலமும் நிறமும் அவர் தேர்ந்தவையா? இவ்விலையில் அவருக்குக் கூலி மட்டுமா, பங்கும் உண்டா? விடை எப்போதும் கிடைத்துவிடாது. ஆனால் கேட்போர் பெருகினால், விடை சொல்ல வேண்டிய கடமை விற்போருக்கு உண்டாகும். அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்யாதிருத்தலை வணிக அறமாகப் போற்றும் நாம், முடிச்சுகளின் கணக்கிலும் அதே கண்டிப்பைக் கொள்வது முறையன்றோ?