நிலைப்படிக்கு அடியில் ஒரு தட்டு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலம் மண்ணுக்குள்ளும் இறங்கும். மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருத்து, மேலே இருப்பதை நெம்பித் தூக்கும். அதனால் அஸ்திவாரம் உறைமட்டத்துக்கு, அதாவது உறைவு எட்டும் ஆழத்துக்கு, கீழே போக வேண்டும். மாநிலத்தின் வடக்கே 5 அடி, தெற்கே மூன்றரை அடி என்று கட்டட விதியே இருக்கிறது. இவ்வளவு தோண்டியாயிற்று, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்குமே! குளிர்நாட்டு வீடுகளில் நிலவறை பெருகியதற்கு இது முக்கியக் காரணம். வெளியிலிருந்து அதற்குள் இறங்க, சுவரை ஒட்டி ஒரு குழி, குழிக்குள் படிகள், கடைசிப் படிக்கு எதிரே ஒரு கதவு.

மழை பெய்தால் அந்தக் கதவடிதான் வீட்டைச் சுற்றிலும் ஆகப் பெரிய பள்ளம். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் இறங்கும். குழியின் தரையில் ஒரு வடிகால் உண்டு. நாலு மேப்பிள் இலை வந்து ஒட்டிக்கொண்டால் அது அடைபட்டுப் போகும். ஒரு மீட்டர் அகலக் கதவில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமான விசை கதவைத் தள்ளும். 60 சென்டிமீட்டர் நின்றால் விசை இரு மடங்கு ஆகாது. நாலு மடங்காகி 180 கிலோவைத் தொடும்.

தண்ணீர் தேங்காவிட்டாலும் கதவோரம் கசியலாம். அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

காபி ஆற்றும்போது டம்ளரை மெதுவாகச் சாய்த்தால், காபி டபராவில் விழாமல் டம்ளரின் வெளிப்புறமாக வழிந்து கையை நனைக்கும். பரப்பை விடாமல் பற்றிக்கொள்வது நீரின் குணம். கதவின் கீழ்விளிம்புக்கு வந்த மழைநீரும் அப்படியே அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே நகரும். இதற்கு மருந்து விளிம்பின் அடியில் வெட்டிய ஒரு சின்னக் காடி. காடியின் ஓரம்வரை வந்த நீர் அதற்குள் மேலேறி மறுபக்கம் இறங்க முடியாமல் சொட்டிவிடும். நம் கொத்தனார்கள் சன்ஷேடின் அடியில் கோடு விடுவதும் இதற்காகத்தான்.

நுண்புழை ஏற்றம் இன்னும் விசித்திரம். மெல்லிய இடுக்கில் நீர் தானாகவே மேலேறுவதற்கு அந்தப் பெயர். ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடுக்கில் 15 சென்டிமீட்டர் வரை ஏற முடியும்! ஆக, இறுக்கிப் பொருத்திய மூட்டு எப்போதும் பாதுகாப்பானதல்ல. ஓரிடத்தில் வேண்டுமென்றே அரை அங்குலம் இடைவெளி விட்டால் நீர் அங்கேயே நின்றுவிடும். காற்றும் தன் பங்குக்குத் தள்ளும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று நீரை 12 மில்லிமீட்டர் உயர்த்த வல்லது. 80 கிலோமீட்டர் என்றால் 30 மில்லிமீட்டர்.

இத்தனை வழிகளையும் அடைக்க முடியாது. எனவே நல்ல தச்சர், நீர் உள்ளே வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். நிலைப்படிக்கு அடியில் ஒரு வடிதட்டு வைக்கிறார்: உள்பக்கமும் இரு ஓரங்களும் மேலே மடிந்து, முன்பக்கம் திறந்திருக்கும் தகரத் தட்டு. இடுக்கில் புகுந்த நீர் தட்டில் விழுந்து, வந்த பக்கமே வெளியேறும். உள்மடிப்பு எவ்வளவு உயரம் என்பதை அந்தக் காற்றுக் கணக்கு முடிவு செய்யும். கட்டடக்கலையின் ஆகச் சிறந்த யோசனைகளில் இதையும் சேர்ப்பேன். கசிவைக் கண்டு பதறி, முன்பக்கத் திறப்பைச் சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறார்கள் பலர். அப்புறம் தண்ணீர் தட்டிலேயே தங்கி நிலைக்கால் மரத்தை உளுக்க வைக்கும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஹோஸ் பைப்பும் உள்ளே டார்ச்சோடு ஓர் ஆளும் போதும். ஆனால் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் வடிகால், பிறகு நிலைப்படி, நிலைக்கால் மூலைகள், கடைசியில் மேல்விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிதானிக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாமே நனைந்து குற்றவாளி தப்பிவிடும்.

பல வீடுகளில் கதவின் மேல் குற்றமே இருக்காது. படிக்குழியின் கான்கிரீட்டும் வீட்டுச் சுவரும் வேறு வேறு நாளில் வார்த்தவை. தனித்தனியே அமுங்கி, நடுவில் விரிசல் விடும். அந்த வழியில் கசிந்த நீர் காய்ந்த இடத்தில் சுவர் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரிசலுக்குக் குறுக்கே சாய்வாகத் துளையிட்டு, பாலியூரித்தேன் பிசினை அழுத்தி ஏற்றுவார்கள். அது தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு, நுரைத்துப் பெருகி, கண்ணுக்குத் தெரியாத கிளை விரிசல் வரை போய் இறுகும். அந்த வினைக்கு நீர் வேண்டும் என்பதால், விரிசல் காய்ந்து கிடந்தால் முதலில் தண்ணீரைத்தான் உள்ளே ஏற்றுகிறார்கள்.