கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

"எங்க ஜாப் ஒர்க் கணக்கைத் திருடி எவனுக்கு என்னங்க ஆகப்போகுது?"

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற என்னிடம் முதலாளிகள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். காஜா பட்டனுக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்ற விவரம் உலகத்தில் வேறு யாருக்கும் வேண்டாம். உங்களுக்கு வேண்டுமே! ரான்சம்வேர் கும்பலுக்கு அது போதும். ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிட்டு, சாவியை உங்களுக்கே விற்கிறார்கள்.

காலையில் வந்து கணக்கு சாஃப்ட்வேரான டேலியைத் திறந்தால் கம்பெனி பெயரே காட்டாது. ஃபோல்டரில் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து ஒட்டியிருக்கும். கூடவே ஒரு நோட்பேட் கடிதம். 'ஸ்டாப்' என்ற வகை ரான்சம்வேராக இருந்தால் அதில் விலையே போட்டிருப்பார்கள். பல கடிதங்களில் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. ஆடித் தள்ளுபடிதான் போங்கள். இந்த வகை பெரும்பாலும் கிராக் செய்த சாஃப்ட்வேரோடு உள்ளே வருகிறது. 'இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க' என்று அதிலேயே எழுதியிருக்கும். நம் ஆட்களும் ஆஃப் செய்வார்கள்.

இன்னொரு வழி ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்தே ஆபீஸ் சர்வரைப் பார்க்க வேண்டுமென்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவார்கள். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் பக்கத்தில் 123-ம். இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளை இன்டர்நெட் முழுக்க இரவும் பகலும் தேடிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ஓடுகின்றன. பாஸ்வேர்டுதானே என்று நினைப்பவர்களுக்கு நான் இங்கிலாந்துக் கதை ஒன்றைச் சொல்வேன். கெட்டரிங் நகரில் 1865-ல் தொடங்கிய லாரி கம்பெனி, நைட்ஸ் ஆஃப் ஓல்டு. சுமார் 500 லாரிகள். 2023 ஜூனில் அகிரா என்ற கும்பல் ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே புகுந்ததாகச் சொல்கிறார்கள். கணக்கு போயிற்று, பேக்கப்பும் போயிற்று. சைபர் இன்சூரன்ஸ் இருந்தும் சில மாதங்களில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. அந்த ஊழியர் யாரென்று டைரக்டருக்குத் தெரியும். ஆனால் 'உங்கள் பாஸ்வேர்டால்தான்' என்று அந்த ஊழியரிடம் அவர் சொல்லவில்லையாம்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது பேக்கப் போனதுதான். இங்கே யாரிடம் கேட்டாலும் "பேக்கப் இருக்குதுங்க" என்பார்கள். எங்கே என்றால் "டி டிரைவ்ல". சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். அதிலும் பூட்டு விழும். கொஞ்சம் விவரமானவர்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அது சிபியூவின் பின்னால் செருகியே இருக்கும். கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரிகிற எல்லா டிரைவையும் ரான்சம்வேர் பூட்டும். நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டரையும் விடாது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் பெரும்பாலும் தேடி அழித்துவிடும். கிளவுடில் தானாக சிங்க் ஆகும்படி வைத்திருந்தால் பூட்டிய ஃபைலே அங்கேயும் போய்ச் சேரும். பழைய வெர்ஷன்களை வைத்திருக்கிற சேவையாக இருந்தால் தப்பிக்கலாம்.

மெர்ஸ்க் கதை இதற்கு நல்ல பாடம். உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகளில் ஒன்று அது. 2017 ஜூன் 27-ல் அதை நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியது. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட்டில் ஒளிந்து வந்தது அது. பணம் கேட்டதெல்லாம் வேஷம். கட்டினாலும் ஃபைல் திரும்பாது, அழிப்பதற்கென்றே செய்தது. மும்பைக்குப் பக்கத்திலுள்ள நவஷேவா துறைமுகத்தில் ஒரு டெர்மினல் உட்பட உலகம் முழுக்கப் பல இடங்களில் வேலை நின்றது. யார் யாருக்கு எந்தக் கம்ப்யூட்டரில் அனுமதி என்ற பட்டியலை வைத்திருக்கும் 'டொமைன் கன்ட்ரோலர்' சர்வர்கள் சுமார் 150. அவை ஒன்றின் தகவலை ஒன்று பிரதி எடுத்துக்கொண்டே இருப்பதால் தனியாக பேக்கப் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். எல்லாம் ஒரே வீச்சில் அழிந்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட்! மின்வெட்டைத் திட்டியே பழகிய நமக்கு இதை நம்பச் சிரமம்தான். கானாவிலிருந்து இன்டர்நெட் வழியே அனுப்பினால் பல நாள் ஆகும் என்பதால், ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியாவுக்கு விமானத்தில் கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் லண்டனுக்கு எடுத்துப் போனார். பிறகு பத்தே நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களை மறுபடி நிறுவினார்கள்.

மெர்ஸ்க்குக்கு மின்வெட்டு செய்து கொடுத்ததை நாம் கையால் செய்யலாம். நான் சொல்வது இரண்டு டிஸ்க். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. காப்பி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒன்று எப்போதும் ஆபீசுக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் தகராறு. "கணக்கை அக்கவுன்டன்ட் வீட்டுக்கு அனுப்பறதுங்களா?" என்று முதலாளி முகம் மாறும். தப்பில்லை, அவர் கவலை அவருக்கு. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டால் பாஸ்வேர்டு இல்லாமல் டிஸ்க் திறக்காது. அதுவும் மனசு ஒப்பவில்லையா, அவர் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரியாக வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். திறக்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விண்டோஸ் அப்டேட், மெயிலுக்கும் ரிமோட்டுக்கும் ஓ.டி.பி. இதெல்லாம் வழக்கமான பாட்டு, ஆனால் பாடாமல் முடியாது.

மாட்டிக்கொண்டால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதறிப்போய் ஃபார்மட் அடிக்க வேண்டாம். பூட்டிய ஃபைலையும் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். யூரோபோலும் டச்சு போலீசும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. சைபர் கிரைம் உதவி எண் 1930. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022 முதல் விதி இருக்கிறது.

"பேசாம கட்டிடலாமுங்களா?" என்பார்கள். இப்போதெல்லாம் பூட்டும் முன்பே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, 'வெளியிட்டுவிடுவேன்' என்றும் மிரட்டுகிறார்கள். அதற்கு பேக்கப் மருந்தில்லை, உண்மைதான். ஆனால் சாவிக்காகக் கட்டுவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் கம்பெனியான கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்து சாவி வாங்கியது. அந்தப் புரோகிராம் அத்தனை மெதுவாக ஓடியதால், தங்களிடமிருந்த பேக்கப்பையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.